நிறைவு

தாட்டோனுக்குத் தெற்கே லைன் கார் திரும்புகிற முக்கில்
என் கடை.
ஜெனரேட்டர் ஒன்று, கவ்விகள் பன்னிரண்டு ஜோடி,
அமிலம் தின்ற லோங்கி இரண்டு.
ஐந்து நாளைக்கு ஒருமுறை தள்ளுவண்டியோடு
வீடு வீடாகப் போவேன்.
செத்த பாட்டரியை அள்ளி வந்து
உயிர் ஏற்றித் திருப்பித் தருவேன்.

யார் வீட்டில் எவ்வளவு தீரும் என்பது எனக்கு அத்துப்படி.
மௌங் சோ வீட்டில் கொரியத் தொடர்; மூன்றே நாளில் காலி.
எஸ்தர் வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை, நாலு நாள்.
புதுசாய்க் கட்டிக்கொண்டவர்கள் வீட்டில் எட்டு நாள் தாங்கும்,
சீக்கிரமே அணைத்துவிடுவார்கள்.

இருளாண்டியுடையது மட்டும் அந்த ஆவணி மழையில்
கொடுத்தபடியே திரும்பி வந்தது.
மானியை வைத்தேன். முள் நிறைவில் நின்றது.
அடுத்த முறையும் அங்கேயே.
மூன்றாம் முறை கதவே திறக்கவில்லை.
"இருக்கு பவளம், தீரல" என்றார் உள்ளேயிருந்து.

பதினைந்து ராத்திரி
இருட்டில் உட்கார்ந்து ஒரு மனுஷன் என்ன செய்வான்?

ஊரில் கேட்டேன்.
குடி என்றார்கள். நாட் பிடித்துவிட்டது என்றார்கள்.
மகன்கள் இருவரும் மலேசியாவில்,
எருமைகளை விற்றாயிற்று,
மனைவி போய் ஒரு வருஷம்
என்பதையும் சொன்னார்கள்,
மழை பெய்கிறது என்பது போல.

எனக்குப் பேச வராது.
என் பேச்செல்லாம் பாக்கி கேட்கிற பேச்சு.
அதனால் கதவுக்கு வெளியே நின்று
ஒரு பொய் சொன்னேன்:
"நிறைஞ்சே கிடந்தா பாட்டரி கெட்டுப்போகும் அண்ணே.
தினம் ராத்திரி எரிச்சுத் தீர்க்கணும்.
கெட்டா நாற்பதாயிரம் கியாட். நான் பொறுப்பில்ல."

அன்று இரவு வயலுக்கு அந்தப் பக்கம்
ஒரு வெளிச்சம்.
மறுநாள் இல்லை.
அதற்கு அடுத்த நாள் இருந்தது, விடிகிறவரை.
தூங்காதவன் வீட்டு வெளிச்சம் என்று நினைத்தேன்.
விடிகிறவரை என்பது எனக்கு எப்படித் தெரியும்
என்று நினைக்கவில்லை.

ஒரு காலை அவரே சுமந்து வந்தார்,
தோளில் துணி மடித்து வைத்து.
"காலி" என்றார். பழைய டயர் மேல் உட்கார்ந்தார்.
முழுசாய் ஏற ஆறு மணி நேரம் ஆகும்.
நாலாவது மணியில் வாயைத் திறந்தார்,
ஜெனரேட்டர் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை.
அணைத்தேன்.

"கிணத்துப் பக்கம் போறதில்ல பவளம்.
போனா
எட்டிப் பார்த்துக்கிட்டே நிக்கிறேன்."

அன்று பதினோரு வீடுகள்
அரை வெளிச்சத்தில் சோறு தின்றன.
திட்டினார்கள். காரணம் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை தாட்டோன் ஆஸ்பத்திரி.
ஊருக்கு வயிற்றுவலி என்று சொல்லிக்கொண்டோம்.
டாக்டரம்மா அரை மணி கேட்டாள்,
பர்மாவில் பாதி, அவர் தமிழை நான் பெயர்த்துச் சொன்னது பாதி.
கிணறு என்ற இடத்தில் எனக்கு வார்த்தை தடுக்கியது.
மாத்திரை உடனே கேட்காது, மூன்று வாரம் ஆகும்,
நடுவில் விட்டுவிடாதீர்கள் என்றாள்.
நாலு வாரம் ஆனது.
நடுவில் ஒருமுறை விட்டும்விட்டார்.
போய்க் கதவைத் தட்டினேன்,
மேற்கொண்டு எஸ்தர் தட்டினாள்,
மௌங் சோ தொடரைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்தான்.

இப்போது ஐந்தாம் நாள் தோறும் வருகிறார்.
வராவிட்டால் நான் போகிறேன்.
வண்டி தள்ளக் கூலி வேண்டாம் என்கிறார், மீன் வாங்கித் தருகிறேன்.

போன வாரம் கவ்விகளைத் துடைத்துக்கொண்டே
"உன் வீட்டுப் பாட்டரி எங்க?" என்றார்.
மூலையைக் காட்டினேன்.
மேலே இருந்த தூசியை ஊதினார்.
மானியை வைத்தார்.

முள் நின்ற இடத்தையே
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு என்னைப் போல் பொய் வராது.
ஜெனரேட்டரை அணைத்துவிட்டு
நேராகவே கேட்டார்:
"எத்தனை நாளா?"